ஏழாம் இனத்துச் சம்பந்தி

அந்தப் பையை மேலே வைக்க வேண்டாம் அம்மா, என் மடியிலேயே இருக்கட்டும். உள்ளே முறுக்கு இருக்கிறது, என் மகன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு இருக்கிறது, அதற்கும் அடியில் உலக ரகசியம் இருக்கிறது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். எண்பத்திரண்டு பக்கம், சுருள் கம்பி போட்டு பைண்டிங் செய்தது. முதல் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் "மிக மிக ரகசியம்" என்று முத்திரை. கடைசிப் பக்கத்தில் "இதைப் பத்துப் பேருக்கு அனுப்பவும்" என்று வேண்டுகோள். ரகசியத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்கிறவர்களை நான் அதில்தான் பார்த்தேன். ஜெபக்குறிப்பு வந்தால் நானும் போனில் பத்துப் பேருக்கு அனுப்புகிறவள்தான். அது வேறு. அது ஜெபம்.

என் பெயர் தங்கபுஷ்பம். ஊர் ஆலடிவிளை. எட்டாவது வரைதான் படிப்பு. பால்வாடியில் இருபத்தாறு வருஷம் ஆயாவாக இருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் துரைப்பாண்டி, ஹைஸ்கூல் சயின்ஸ் லேபில் முப்பத்தொரு வருஷம் குடுவை கழுவினவர். கழுவினவர் என்று அவர் காதுபட சொல்லிவிடக் கூடாது. "விஞ்ஞானத்தோட இருந்தேன்" என்றுதான் சொல்வார். ஓய்வு பெற்ற பிறகு கையில் குடுவை இல்லை, போன் இருக்கிறது. அதில் யாரோ கூட்டாளி அனுப்பிய ரகசியம்தான் இது. போனில் படித்தால் கண் வலிக்கிறது என்று ஜெராக்ஸ் கடையில் கொடுத்து பிரிண்ட் போட்டு வந்தார். உலக ராணுவமெல்லாம் பூட்டிவைத்துக் காத்த ரகசியம், எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடை மேஜையில் ஒரு பகல் முழுக்க ரேஷன் கார்டு நகலுக்கு நடுவே கிடந்தது.

என்ன ரகசியம் என்று கேட்கிறீர்களா? வானத்திலிருந்து ஐம்பத்தெட்டு இனத்தார் இறங்கி வந்து நம்மோடு நம்மாக வாழ்கிறார்களாம். சந்தையில் காய் வாங்குகிறார்களாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறார்களாம். ஒவ்வொரு இனத்துக்கும் உயரம், எடை, அடையாளம், குணம் என்று பத்தி பிரித்து எழுதியிருக்கிறது. அந்தக் குணம் என்கிற பத்தியைப் படிக்கத்தான் எனக்கு மனசு ஒப்பவில்லை. பன்னிரண்டாம் இனம் மொத்தமும் வஞ்சகர்களாம். பதினெட்டாம் இனம் மொத்தமும் நன்றி கெட்டவர்களாம். ஒரு இனத்தில் ஒருத்தராவது நல்லவர் இருக்க மாட்டாரா? கர்த்தர் படைத்த ஒரு கூட்டத்தையே சாக்கு மூட்டை மாதிரிக் கட்டி, மேலே இப்படி எழுதி ஒட்டலாமா?

மேலப்பாறைக்காரர்கள் விஷயம் அப்படியில்லை. அது நாங்கள் கண்ணால் கண்டது.

மேலப்பாறைக்குத்தான் இப்போது இந்த பஸ்ஸில் போகிறேன். மலை அடிவாரத்தில் இருக்கிற ஊர். என் மகன் ஆல்வின் அந்த ஊர்ப் பெண் ஒருத்தியோடு ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஷீபா என்று பெயர். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. பிள்ளை நல்ல பிள்ளை, நான் ஒன்றும் சொல்லவில்லை. நிச்சயத்துக்கு அவர்கள் ஊருக்குப் போனோம். பந்தியில் அப்பளத்தைப் பாதியாக உடைத்து வைக்கிறார்கள் அம்மா! முழு அப்பளம் இலையில் விழவே இல்லை. அறுபது பேர் வருகிறோம் என்று சொல்லியிருந்தோம், நூற்றுப் பத்துப் பேர் போய் இறங்கினோம், அது ஒரு காரணமா? மனசு இருந்தால் முழு அப்பளம் வரும். அந்த ஊரே அப்படித்தான் என்று எங்கள் ஜெபக்குழுவில் முன்னமே சொல்லியிருந்தார்கள். எதையும் முழுசாகக் கொடுக்க மாட்டார்கள். பேச்சையும் பாதியில் நிறுத்துவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நிச்சயம் முடிந்து இரண்டு வாரத்தில் இந்தப் புத்தகம் வீட்டுக்குள் வந்தது. வந்த மூன்றாம் நாள் இவர் நிச்சயத்து போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு, பழைய லேப் லென்ஸால் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, இங்க வா. நம்ம சம்பந்தி மூஞ்சியைப் பாரு. என்ன இல்ல?"

"சிரிப்பு இல்ல" என்றேன். மேலப்பாறைக்காரர் என்று நினைத்துச் சொன்னேன்.

"புருவம் இல்லட்டி, புருவம்! மே மாசத்து வெயில்ல நாம எல்லாரும் நனைஞ்ச கோழி மாதிரி நிக்கோம். அந்த மனுஷனுக்கு ஒரு சொட்டு வேர்வை இல்ல. காப்பி கொடுத்தாங்க, குடிச்சாரா? பச்சத் தண்ணிதான் குடிச்சாரு. ஒரு மணி நேரத்துல மொத்தம் எத்தனை வார்த்தை பேசினாரு? நான் எண்ணினேன், பதினொன்னு. அப்படியே ஏழாம் இனம்!"

புத்தகத்தைத் திறந்து வாசித்தார். புருவம் இல்லாமை, வியர்வை இல்லாமை, சூடான பானம் தவிர்த்தல், குறைந்த பேச்சு. குணம்: குடும்பங்களுக்குள் கலந்து வாரிசுகளைத் தங்கள் பக்கம் இழுத்தல்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சம்பந்தி ஐசக் நல்லதம்பி பேக்கரி வைத்திருக்கிறார். விறகு அடுப்பு. முப்பது வருஷமாக அதன் வாய்க்குள் தலையை விட்டு ரொட்டி எடுக்கிறவருக்குப் புருவம் எப்படி நிற்கும்? அந்தச் சூட்டில் நிற்கிறவருக்கு மே மாசம் ஒரு வெயிலா? ஷீபாவின் அம்மாவிடம் போனில் நைசாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு இவரிடம் சொன்னேன்.

இவர் புத்தகத்தை என் முன்னால் நீட்டினார். "கடைசி வரியப் படி."

'கேட்டால் தொழிலைக் காரணம் காட்டுவார்கள்' என்று போட்டிருந்தது.

என்ன செய்வீர்கள் சொல்லுங்கள்? உண்மையைச் சொன்னாலும் அதுவே அடையாளம் என்கிற புத்தகத்தோடு எப்படி வாதாடுவது?

இதுவரைக்கும் விளையாட்டு. இதற்கு மேல் விளையாட்டு இல்லை. எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், ஆட்சேபனை உள்ளவர்கள் எழுந்து சொல்லலாம் என்று குருவானவர் சபையைக் கேட்பார். யாரும் எழுந்ததாக எனக்கு நினைவில்லை. முதல் ஓலை வாசித்தார்கள், இவர் வாய்க்குள் முனகினார். இரண்டாம் ஓலை வாசித்தார்கள், முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். பெண்கள் பக்கத்து ஓரத்திலிருந்து நான் எட்டி வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டார்.

"மூணாம் ஓலைக்கு எந்திரிப்பேன். சபை முன்னால சொல்லுவேன். என்னை யாரும் தடுக்கப்பிடாது."

"என்னன்னு சொல்லுவீங்க? சம்பந்தி வானத்துலருந்து வந்தவருன்னா?"

"ஆதாரத்தோட சொல்லுவேன்."

ஆல்வினுக்குப் போன் போட்டேன். "அப்பா எந்திரிச்சா நான் அப்படியே ஷீபா வீட்டோட போயிருவேன்மா. பிறகு ஆலடிவிளைப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்றான். அழுகிற குரலில் சொல்லவில்லை, நிதானமாகச் சொன்னான். அதுதான் எனக்குப் பயம். அவன் நிதானமாகச் சொன்னால் செய்துவிடுவான். இந்தப் பக்கம் இவர், சுவரைக் காட்டுகிறார். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஆல்வினுடைய சான்றிதழ். மூன்று வயதில் யூனியன் அளவில் நடந்த ஆரோக்கியக் குழந்தைப் போட்டியில் முதல் பரிசு. கூடக் கிடைத்த எவர்சில்வர் டம்ளரில்தான் இவர் இன்றைக்கும் காப்பி குடிக்கிறார். "முதல் பரிசு வாங்கின பிள்ளை. என் ரத்தம். இதை ஏழாம் இனத்துக்குத் தூக்கிக் கொடுக்கவா?" என்பார்.

நான் மூன்று நாள் ஒருபொழுது இருந்து ஜெபித்தேன். ஆண்டவரே, இந்த மனுஷனுக்கு நீர்தான் புத்தி கொடுக்கணும் என்று கேட்டேன். ஆண்டவர் அவருக்குக் கொடுக்கவில்லை, எனக்குக் கொடுத்தார். 'நீ அந்தப் புத்தகத்தை முழுசாகப் படித்தாயா?' என்று மனசில் ஒரு கேள்வி. படிக்கவில்லையே! இவர் காட்டிய ஏழாம் இனத்துப் பக்கத்தையும் முன்னால் பின்னால் கொஞ்சமும்தானே பார்த்தேன். சனிக்கிழமை காலை இவர் முடிவெட்டப் போனதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அம்மா, எனக்கு வானசாஸ்திரம் தெரியாது. ராணுவம் தெரியாது. ஆனால் நாற்பதாம் பக்கம் தாண்டினதும் எனக்கு உள்ளங்கை குறுகுறுத்தது. இதை நான் எங்கோ பார்த்திருக்கிறேன்.

எங்கே தெரியுமா? பால்வாடி எடை ரிஜிஸ்டரில்.

மாசாமாசம் பிள்ளைகளை எடை போட்டு ரிஜிஸ்டரில் எழுதணும். ஒரு வருஷம் தொங்கு தராசின் சுருள் அறுந்துபோனது. புதுசு கேட்டு எழுதினோம், எட்டு மாசம் வரவில்லை. ஆனால் ரிஜிஸ்டர் மட்டும் முதல் தேதி போகணும். வசந்தகோகிலம் டீச்சர் பாவம், பாதி நாள் மீட்டிங். "தங்கபுஷ்பம், போன மாசத்தைப் பார்த்துக் கூட்டிப் போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தராசு அறுந்த முதல் மாசம், முதல் ஐந்தாறு பிள்ளைகளை நான் மனசாட்சியோடு இடுப்பில் தூக்கிப் பார்த்துத்தான் எழுதினேன். பத்து கிலோ முந்நூற்றைம்பது, ஒன்பது கிலோ எண்ணூற்றெழுபத்தைந்து என்று சுத்தமாக வரும். பதினைந்தாவது பிள்ளைக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு பத்தரை, பத்தரை, பத்து. கடைசி ஏழெட்டுப் பிள்ளைக்குப் பத்து, பத்து, பத்து, மேற்படி. அடுத்த மாசத்திலிருந்து அதன் மேல் இருநூறு இருநூறு கிராமாகக் கூட்டல்தான். ஜெயராணி என்கிறவள் மகன் ஒருத்தன் நாலு மாசம் பம்பாய்க்கு அவன் மாமா வீட்டுக்குப் போயிருந்தான். எங்கள் ரிஜிஸ்டரில் மாசம் இருநூறு கிராம் ஏறிக்கொண்டே இருந்தான்.

இந்தப் புத்தகமும் அதே கதைதான். முதல் இனத்துக்கு நாலு பக்கம். என்ன தின்பார்கள், எப்படி இருமுவார்கள் என்பது வரைக்கும் இருக்கிறது. எடை ஐம்பத்திரண்டு கிலோ நானூறு கிராம். முப்பதாம் இனத்துக்கு வரும்போது அரைப் பக்கம், எடை ஐம்பது. நாற்பதுக்கு மேல் இரண்டு வரி. ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு மூன்றுக்கும் சேர்த்து ஒரே வரி. குணம்: மேற்படி.

வானத்திலிருந்து அவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு 'மேற்படி'யா! இதை எழுதினவர் யாராக இருந்தாலும் நம்மை மாதிரி இடுப்பும் கையும் உள்ள மனுஷர். அவருக்குக் கை வலித்திருக்கிறது. காப்பி நேரம் வந்திருக்கிறது.

இவர் தலைமுடி ஒட்டின சட்டையோடு வந்ததும் சொன்னேன். கேட்டார். கேட்டுவிட்டு, "தூரத்து இனம்ட்டி அதெல்லாம். தகவல் கம்மி" என்றார்.

அப்போதுதான் நான் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்த வருஷத்து ரிஜிஸ்டர் என்னிடம் இருக்கிறது. பால்வாடியை வேறு கட்டடத்துக்கு மாற்றும்போது பழையதையெல்லாம் எரிக்கச் சொன்னார்கள். இதில் பின்பக்கம் முழுக்க வெற்றுத் தாள், ஜெபக்குறிப்பு எழுத ஆகுமே என்று ஒன்றை மட்டும் எடுத்து வந்திருந்தேன். முன்பக்கம் பொய், பின்பக்கம் ஜெபம். 'தராசு வர வேண்டும்' என்று அதில் ஒரு குறிப்புகூட இருக்கிறது.

இவர் முன்னால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். விரலை வைத்துக் காட்டிக்கொண்டே வந்தேன். இங்கே பத்து, அங்கே ஐம்பது. இங்கே மேற்படி, அங்கே மேற்படி. பம்பாய்ப் பிள்ளையையும் சொன்னேன்.

"உன் ரிஜிஸ்டர் பொய்னா உலகத்துல எல்லா ரிஜிஸ்டரும் பொய்யா?"

"அப்படிச் சொல்லலீங்க. பொய் எழுதுற கை எந்த இடத்துல வலிக்கும்னு எனக்குத் தெரியும். அதைத்தான் சொல்லுதேன்."

ரிஜிஸ்டரில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். டி. ஆல்வின்.

இந்த இடத்துக்கு வராமல் தப்பிக்கலாம் என்றுதான் அம்மா நானும் நினைத்தேன். ஆனால் வந்துவிட்டது. மறுநாள் மூன்றாம் ஓலை. சொல்லாமல் விட்டால் மகன் போய்விடுவான்.

"நம்ம பிள்ளையும் அப்படித்தானா?" என்றார்.

"மத்த பிள்ளைகளுக்கு மாசம் இருநூறு போட்டேன். நம்ம பிள்ளைக்கு மட்டும் முந்நூறு போட்டேன். அவன் ஈர்க்குச்சி மாதிரி இருந்தாங்க. எழுத்துலயாவது சதை போடட்டும்னு நினைச்சேன். எட்டு மாசத்துல எல்லாரையும் தாண்டிட்டான். பரிசு கொடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. ரிஜிஸ்டரைப் பாத்துக் கொடுத்துட்டாங்க."

இவர் சுவரைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் அந்தச் சட்டத்தை ஆணியிலிருந்து எடுத்து, துண்டால் கண்ணாடியைத் துடைத்து, பெட்டி மேல் குப்புற வைத்தார்.

"அப்போ டம்ளர்?" என்றார்.

"டம்ளர் உண்மைதாங்க."

ஞாயிறு காலை காப்பியைக் கண்ணாடி கிளாஸில் கேட்டு வாங்கிக் குடித்தார். கோயிலுக்குக் கிளம்பும்போது மஞ்சள் பையில் இந்தப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டார். வழி முழுக்க உதடு அசையாமல் ஜெபித்துக்கொண்டே போனேன். பெண்கள் பக்கம் நான், ஆண்கள் பக்கம் அவர். வேட்டியைப் பிடித்து இழுக்க முடியாதபடி அன்றைக்கு முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். வேலை பார்க்கும் ஊரிலிருந்து நேரே கோயிலுக்கு வந்த ஆல்வின் பின்னால் வாசல் பக்கத்தில் நின்றான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, புறப்படத் தயாராக நின்றான்.

பிரசங்கம் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். அறிவிப்பு நேரம் வந்தது. குருவானவர் ஓலையைப் பிரித்தார். ஆலடிவிளை துரைப்பாண்டி, தங்கபுஷ்பம் ஆகியோரின் மகன் ஆல்வின், மேலப்பாறை ஐசக் நல்லதம்பி, எமிலி ஆகியோரின் மகள் ஷீபா. இது மூன்றாம் முறை. ஆட்சேபனை இருந்தால்...

எழுந்துவிட்டார்.

சபை முழுக்கத் திரும்பியது. குருவானவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஐயா" என்றார் இவர். தொண்டையைச் செருமினார். "பெரிய ஃபேன் சத்தத்துல பேரு சரியாக் கேக்கல. இன்னொரு தடவை வாசிங்க."

குருவானவர் மறுபடி வாசித்தார். துரைப்பாண்டி மகன் ஆல்வின், நல்லதம்பி மகள் ஷீபா. இவர் நின்றபடியே தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டு முடித்து, "இப்போ கேட்டுச்சு. ஆட்சேபனை இல்ல" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆட்சேபனை இல்லை என்று எழுந்து சொன்ன ஆளை எங்கள் கோயில் கண்டதில்லை. திரும்பி வாசலைப் பார்த்தேன். ஆல்வின் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் சட்டத்தை மறுபடியும் ஆணியில் மாட்டினார். "எடை தப்புன்னாலும் பேரு சரியாத்தானே போட்டிருக்கு" என்றார். அன்று சாயங்காலம் காப்பியும் அந்த டம்ளரில்தான். இந்தப் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, "சம்பந்தி கடையில ரொட்டி பொதிய ஆகும், கொண்டு கொடு" என்றார். வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். ஏழாம் இனத்துப் பக்கம் மட்டும் இல்லை. கம்பியோரம் கிழிந்த தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் கேட்கவில்லை. அவர் சட்டைப் பையையும் தடவிப் பார்க்கவில்லை. ஆம்பளைகளுக்கு ஒரேயடியாகத் தெளியாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெளியும்.

எனக்கு அந்தக் கஷ்டமில்லை. நான் எதையும் கண்ணால் பார்க்காமல் நம்புகிறவள் இல்லை. இதோ, மேலப்பாறை என்பதால் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். கல்யாணத்துக்கு அப்பளம் எங்கள் பக்கத்திலிருந்தே கொண்டுபோகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றும் இருக்கிறேன். இந்தாருங்கள், முறுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு நேரம் பேச்சுக்குக் காது கொடுத்தீர்கள். வெட்கப்படாமல் எடுங்கள், வீட்டில் சுட்டது.

என்ன இது, பாதியை ஒடித்து எனக்கே திருப்பித் தருகிறீர்கள்?

போதுமா? நீங்கள் எந்த ஊர் அம்மா?

வடக்குக்கோட்டையா? அது கடற்கரைப் பக்கமாச்சே. பிறந்ததும் அங்கேதானா? உங்கள் அம்மாவுக்கு எந்த ஊர்? அதுவும் அங்கேதானா... அப்போ அம்மாவைப் பெற்றவர்கள்?

தெரியாதா! பார்த்தீர்களா, பேச்சையும் பாதியில் நிறுத்துகிறீர்கள். வீட்டில் போய் நன்றாக விசாரித்துப் பாருங்கள். மூணு தலைமுறைக்கு முன்னால் எங்கேயாவது ஒரு மேலப்பாறை இருக்கும்.